இஸ்திரிப் பலகையில் இரவுச் சாப்பாடு

மூன்று மாதம் தகுதிகாண் பருவம் என்றது ஒப்பந்தம்.
அதுவரை மேசை வாங்க வேண்டாம் என்றான் லாஷா.
வேலை நிலைக்காவிட்டால்
மேசையை முதுகில் கட்டிக்கொண்டா ஜார்ஜியா திரும்புவது?

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன
இஸ்திரிப் பலகை ஒன்று கதவுக்குப் பின்னால் கிடந்தது.
அதைக் கடைசிப் பல்வரை தாழ்த்தினோம்.
மூன்று தட்டு கொள்ளும்.
கூர்முனையில் நூட்ஸா, அகலத்தில் லாஷா,
நடுவில் நான், சுவரோடு ஒட்டி.
யார் முழங்கை பட்டாலும்
மூவர் சூப்பும் ஆடும்.

வ்ரோட்ஸ்வாஃப்.
ஊரின் பெயரை வாய்க்குள் மடித்து வைக்கவே
எனக்கு ஒரு வாரம் ஆனது.

லாஷாவுக்கு இரண்டாம் ஷிப்ட்.
பேருந்துகளுக்கு எலும்பு பொருத்துகிறான்,
வெல்டிங் பொறியில்.
கண்ணில் மணல் விழுந்தவனைப்போல் நள்ளிரவில் வருவான்.
நான் ஸெஸ்டபோனியில் பல் கட்டியவள்.
மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லை
அதன் தேய்மானத்தோடு செதுக்குவேன்.
இங்கே என் சான்றிதழை மொழிபெயர்க்க
பக்கத்துக்கு ஐம்பது ஸ்லோட்டி.
ஐந்து பக்கம்.
நான்கை மட்டும் கொடுத்தேன்.
ஐந்தாவதில் மதிப்பெண்கள், அவை பிறகு.

ஒரு செவ்வாய்க்கிழமை பாலர் பள்ளியிலிருந்து அழைப்பு.
படபடவென்று பேசினார்கள்.
பிடிபட்டது ஒரே சொல்:
மாமா. மாமா. மாமா.
இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு
டிராமுக்கு நிற்கப் பொறுமையின்றி
மூன்று நிறுத்தம் ஓடினேன்.

ஆசிரியை போஷேனா வாசலிலேயே முகம் மலர்ந்து
குழந்தையை என் பக்கம் திருப்பினார்.
இதோ, மாமா!
நூட்ஸா என்னை நிமிர்ந்து பார்த்தாள்,
வேறு யாருக்கோ வந்த பார்சலைப் பார்ப்பதுபோல்.
பிறகு முன்னைவிட உரக்க அழுதாள்.

அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மா.
எங்கள் மொழியில் அம்மா என்றால் தேதா.
மாமா என்றால் அப்பா.
காலை முழுக்க அவள் கேட்டது அவனை.
அவன் கைபேசியோ தொழிற்சாலைப் பெட்டகத்தில்
பூட்டுக்குள் தனியே அதிர்ந்துகொண்டிருந்தது.

இதை எப்படிச் சொல்வது?
மேலுதட்டில் விரலால் மீசை வரைந்தேன்.
கையைத் தூக்கி உயரம் காட்டினேன்.
முகமூடியை இறக்கி, குனிந்து,
உஸ் உஸ் என்று நெருப்பு வைத்தேன் காற்றில்.
மற்றக் குழந்தைகள் கைதட்டினார்கள்.
போஷேனாவுக்கு என்ன புரிந்ததோ,
எலுமிச்சைத் துண்டு மிதக்க
ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீடு வரும்வரை அவளோடு நான் பேசவில்லை.
வெட்கமாக இருக்கிறது எழுத,
ஐந்து வயதுக் குழந்தையிடம் கோபம்.
மூன்று நிறுத்தம் ஓடியது யார்?
அவள் என் கோட்டுப் பைக்குள் கைவிட்டு
அங்கே இருந்த டிராம் சீட்டைக்
கிழித்துக்கொண்டே வந்தாள், சின்னச் சின்னதாக.

தொண்ணூறாம் நாள் போனது.
தொண்ணூற்றொன்றாம் நாளும் யாரும் எதுவும் சொல்லவில்லை.
மேற்பார்வையாளர் லாஷாவுக்குப் புதுக் கையுறை ஒரு ஜோடி தந்தார்.
அதையே கடிதமாக எடுத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை மேசை பார்க்கப் போனோம்.
பிடித்த மேசைக்கு நான்கு நாற்காலி.
மூன்று போதும், விலையைக் குறைப்பீர்களா என்று கேட்க
எங்கள் மூவரிடமும் வாக்கியம் இல்லை.
நூட்ஸா நான்கிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தாள்.
ஒரு விளக்கு மட்டும் வாங்கித் திரும்பினோம்.

அன்றிரவும் பலகைதான்.
கூர்முனையிலிருந்து,
வாய் நிறைய உருளைக்கிழங்கு,
தலை நிமிராமல் கேட்டாள்:
மாமா, உப்பு.

இரண்டு கைகள் நீண்டன.
பலகை ஆடியது.

உப்பு அவன் பக்கம்தான் இருந்தது.
நான் என் கையை
உடனே எடுத்துவிடவில்லை.